மேகப் படமும் விதைநெல்லும்

புரட்டாதி மாதத்தின் ஒரு மாலைப்பொழுது. வன்னியில் மீளக்குடியமர்ந்த கிராமம் ஒன்றில், தொலைக்காட்சிப் பெட்டி உள்ள வீட்டு விறாந்தையில் பதினைந்து பேர்வரை கூடியிருந்தார்கள். நாமும் அவர்களோடு அமர்ந்திருந்தோம். செய்தியில் அவர்களுக்கு அதிக நாட்டம் இருக்கவில்லை. செய்தி முடிந்ததும் வரும் காலநிலை அறிக்கைக்காகவே காத்திருந்தார்கள். வயல்கள் உழுது புழுதியாகக் கிடந்தன. கடன்பட்டு வாங்கிய விதைநெல் சாக்குகளில் கட்டியபடி இருந்தது.

காலநிலை அறிக்கையும் வந்தது. திரையில் இலங்கைப் படம் தோன்றியது. அதன் தலைப்பகுதியில் ஒரு மேகம், மேகத்தின் கீழே மூன்று துளிகள். "வடக்கில் மழை பெய்யக்கூடும்" என்று சிரித்த முகத்தோடு ஒருவர் கூறினார். அவ்வளவுதான். அடுத்த கணம் சவர்க்கார விளம்பரம் வந்துவிட்டது.

பெரியவர் ஒருவர் சால்வையை உதறித் தோளில் போட்டுக்கொண்டு எழுந்தார். "சுவாமி, உந்த மேகத்தை வைச்சு நான் என்ன செய்யிறது? வடக்கெண்டால் எந்த வடக்கு? பருத்தித்துறையும் வடக்குத்தான், மாங்குளமும் வடக்குத்தான். துமிக்குமோ, கொட்டுமோ? ஒரு நாள் பெய்யுமோ, ஒரு கிழமை பெய்யுமோ? அதைச் சொல்லாமல் படம் காட்டினால் போதுமோ?" என்று கேட்டார். எம்மிடம் பதில் இருக்கவில்லை.

மறுநாள் மூன்று குடும்பங்கள் அந்த மேகத்தை நம்பி அவசரமாக விதைத்தன. அன்று பின்னேரம் மழை பெய்யத்தான் செய்தது. ஆனால் அது புழுதியை நனைக்கும் மழை. நிலத்தை நனைக்கும் மழையல்ல. காய்ந்த மண்ணில் கிடக்கும் நெல் பல நாட்கள் கெடாமல் காத்திருக்கும். அரைகுறையாக நனைந்த நெல்லோ முளைவிடும். முளைவிட்டபின் தண்ணீர் கிடைக்காவிட்டால் கருகும். அடுத்த பன்னிரண்டு நாட்களும் வெயில். ஏக்கருக்கு இரண்டு, இரண்டரை புசல் என்று விதைத்த நெல் கண்முன்னே பட்டுப்போயிற்று. அந்தக் குடும்பங்கள் மீண்டும் கடன்பட்டு மீண்டும் விதைத்தன.

தொலைக்காட்சி பொய் சொல்லவில்லை. மழை பெய்யக்கூடும் என்றது, பெய்தது. ஆனால் கமக்காரனுக்குத் தேவையான எதையும் அது சொல்லவில்லை. இதுவே எமது மக்களின் மனக்குறை. இந்தக் குறை நியாயமானதா, நியாயமானால் அதற்கு நாம் என்ன செய்யலாம் என்பதை இக்கட்டுரையில் ஆராய்வோம்.

இடையில் தொலைந்துபோவது எது?

காலநிலை பற்றி அறிவிக்கும் பொறுப்பு நம் நாட்டில் வளிமண்டலவியல் திணைக்களத்தைச் சேர்ந்தது. அது எழுத்தில் வெளியிடும் அறிக்கையை ஒருமுறை வாசித்துப் பாருங்கள். எந்த மாகாணம், எந்த மாவட்டம் என்று அதில் இருக்கும். பிற்பகல் 2 மணிக்குப் பின்னர் என்று நேரம் இருக்கும். சில இடங்களில் 75 மில்லிமீற்றருக்கும் அதிகமான மழை என்று அளவு குறிப்பிடப்படுவதுண்டு. காற்று எந்தத் திசையிலிருந்து, மணிக்கு எத்தனை கிலோமீற்றர் வேகத்தில் வீசும் என்பதும், காங்கேசன்துறையிலிருந்து மன்னார் ஊடாகப் புத்தளம் வரையான கடற்பரப்பு எவ்வாறு இருக்கும் என்பதும் கூறப்படும். அது தமிழிலும் வெளிவருகின்றது.

இவ்வளவு விபரமும் தொலைக்காட்சித் திரைக்கு வரும்போது பல வேளைகளில் ஒரு மேகமாகவும் மூன்று துளிகளாகவும் சுருங்கிவிடுகின்றது. நேரம் போதாது என்பது ஒரு காரணம். பொதுமக்களுக்கு இதெல்லாம் விளங்காது, படமாகக் காட்டினால் போதும் என்ற எண்ணம் மற்றொரு காரணம். இரண்டாவது காரணத்தை நாம் ஏற்றுக்கொள்ள முடியாது. உரமூட்டையில் எழுதியிருக்கும் கணக்கையும், மருந்துப் போத்தலில் உள்ள மில்லிலீற்றர் அளவையும், வங்கிக் கடனின் வட்டி வீதத்தையும் விளங்கிக்கொள்ளும் கமக்காரனுக்கு, மழையின் மில்லிமீற்றர் மட்டும் விளங்காமற் போகுமா?

வடக்கு என்று போடப்படும் ஒரே மேகத்தின் கீழே யாழ்ப்பாணம், கிளிநொச்சி, முல்லைத்தீவு, மன்னார், வவுனியா என ஐந்து மாவட்டங்கள் அடங்குகின்றன. பருத்தித்துறையிலிருந்து வவுனியா நேர்கோட்டிலேயே நூறு கிலோமீற்றருக்கு மேல். அந்த மேகம் யார் தலைக்கு மேலே நிற்கிறது என்பதை எவரும் அறியார். கைத்தொலைபேசியில் காட்டப்படும் காலநிலைப் படங்களும் பெரும்பாலும் இதே மேகமும் சூரியனும்தான். ஊரின் பெயர் மேலே எழுதியிருப்பதால் மட்டும் அது நமது வயலுக்கான கணிப்பு ஆகிவிடாது.

சூறாவளிக் காலத்தில் இந்தச் சுருக்கம் ஆபத்தாகவும் முடியலாம். படத்தில் ஒரு சுழிச் சின்னம் கடலிலிருந்து கரையை நோக்கி நகரும். அது கரையைக் கடக்கும் இடத்தையே எல்லோரும் பார்ப்பார்கள். அந்த இடத்துக்கு அப்பால் இருப்பவர்கள் தமக்கு ஒன்றுமில்லை என்று ஆறுதலடைவார்கள். 2020 டிசம்பர் 2ஆம் திகதி இரவு புரெவி சூறாவளி திருகோணமலைக்கு வடக்கே கரையைக் கடந்தது. ஆனால் அங்கிருந்து தொலைவில் உள்ள யாழ்ப்பாணத்தில் பெருமழையும் வெள்ளமும் ஏற்பட்டன. 2025 நவம்பர் இறுதியில் வந்த டித்வா சூறாவளி 600க்கும் மேற்பட்ட உயிர்களைப் பறித்தது. அது கரையைத் தொட்டது கிழக்கில். மிகக் கூடுதலான உயிரிழப்பு நிகழ்ந்ததோ மலைச்சரிவுகளில். சுழிச் சின்னம் காட்டுவது சூறாவளியின் நடுப்பகுதியை மட்டுமே. மழை நூற்றுக்கணக்கான கிலோமீற்றர் அகலத்துக்குப் பெய்யும். தமிழில் எச்சரிக்கைகள் உரிய வேளையில் போதியளவு கிடைக்கவில்லை என்ற குறையும் டித்வாவின்போது எழுந்ததை நாம் மறந்துவிடக் கூடாது.

பிரித்தானியாவிலும் எழுந்த முறைப்பாடு

இக்குறை நம்மவருக்கு மட்டும் உரியதல்ல. பிரித்தானியாவில் பி.பி.சி. நிறுவனம் 1975ஆம் ஆண்டு முதல் மேகம், சூரியன், துளி ஆகிய சின்னங்களைக் கொண்டு காலநிலையைக் காட்டி வந்தது. 2005 மே மாதத்தில் அவற்றை நீக்கி, வானத்தில் பறந்து செல்பவர் நிலத்தைப் பார்ப்பது போன்ற ஒரு நவீன படத்தைப் புகுத்தியது. நிலம் மண்ணிறமாகக் காட்டப்பட்டது. படம் சாய்ந்திருந்ததால் அருகில் உள்ள தென் இங்கிலாந்து பெரிதாகவும், தொலைவில் உள்ள ஸ்கொட்லாந்து சிறுத்தும் தெரிந்தன.

ஆயிரக்கணக்கானோர் முறைப்பாடு செய்தார்கள். படத்தின் கவர்ச்சி கூடியிருக்கலாம், ஆனால் தம் ஊரின் நிலையை அறிவது கடினமாகிவிட்டது என்பது அவர்களின் குறை. நாட்டின் ஓரத்தில் இருப்பதால் நாம் படத்திலும் சிறுத்துப்போக வேண்டுமா என்று ஸ்கொட்லாந்து மக்களும் அவர்களின் பாராளுமன்ற உறுப்பினர்களும் ஆட்சேபித்தார்கள். இதன்பின் படத்தின் சாய்வு குறைக்கப்பட்டது.

இதில் நமக்கு இரண்டு பாடங்கள் உண்டு. தலைநகரில் இருந்து வரையப்படும் படத்தில் ஓரத்தில் வாழ்பவர்களே முதலில் சிறுத்துப் போகிறார்கள் என்பது ஒன்று. தமக்கு எது போதவில்லை என்று பார்வையாளர்கள் திட்டவட்டமாகச் சொன்னால் மாற்றம் வரும் என்பது மற்றொன்று.

இடம்பெயர்ந்தவருக்கு இது ஏன் பெரிய விடயம்?

தொலைக்காட்சி இல்லாத காலத்திலும் நமது முன்னோர் கமம் செய்தார்கள் அல்லவா என்று சிலர் கேட்கலாம். உண்மைதான். அவர்கள் வானத்தையும் காற்றையும் வாசிக்கத் தெரிந்தவர்கள். ஆனால் அந்த அறிவு ஓர் இடத்தோடு ஒட்டியிருந்த அறிவு.

இயேசு தம்மைச் சூழ்ந்து நின்ற மக்களிடம், மேற்கே மேகம் எழும்பினால் மழை என்றும், தெற்குக் காற்று வீசினால் வெப்பம் என்றும் அவர்கள் அறிந்து சொல்வதைச் சுட்டிக்காட்டியதாக லூக்கா நற்செய்தியின் 12ஆம் அதிகாரத்தில் காண்கிறோம். அந்த நாட்டுக்கு மேற்கே மத்தியதரைக் கடல். ஈரக்காற்று அங்கிருந்து வரும். தெற்கே பாலைவனம், அனற்காற்று அங்கிருந்து வரும். அதே அடையாளத்தை இங்கே கொண்டுவந்தால் பொருந்தாது. நமது காலபோக மழை கிழக்கே வங்காள விரிகுடாவிலிருந்து வருகின்றது. ஓர் ஊரின் அடையாளம் அந்த ஊருக்கே உரியது.

1990ஆம் ஆண்டில் வலிகாமம் வடக்கிலிருந்து இடம்பெயர்ந்த ஒரு கமக்காரரை நாம் அறிவோம். செம்மண்ணில் வெங்காயமும் மரக்கறியும் செய்தவர். கீரிமலைக் கடலின் இரைச்சல் எந்தப் பக்கமாகக் கேட்கிறது என்பதை வைத்தே மழையைச் சொல்லிவிடுவார் என்று அவரது ஊரவர்கள் கூறுவார்கள். பின்னர் வவுனிக்குளத்தின் கீழே குத்தகைக்கு வயல் செய்தார். "இஞ்சை கடல் கேக்காது சுவாமி. காத்து எங்கையிருந்து வருகுதெண்டு காட்டு மரம் சொல்லும், ஆனால் எனக்கு அந்த மரத்தின்ரை பாஷை தெரியாது" என்று எம்மிடம் சொன்னார். காணியையும் கிணற்றையும் வீட்டையும் இழந்தோர் என்று நாம் கணக்கெடுக்கிறோம். வானத்தை வாசிக்கும் அறிவையும் அவர்கள் இழந்தார்கள் என்பது எந்தப் படிவத்திலும் எழுதப்படுவதில்லை.

மண்ணும் மாறுகின்றது. வலிகாமத்துச் செம்மண்ணின் கீழே சுண்ணாம்புக்கல் உண்டு. 50 மில்லிமீற்றர் மழையை அது விரைவில் உறிஞ்சிவிடும். அதே 50 மில்லிமீற்றர் முருங்கன் பக்கத்துக் களிமண்ணில் விழுந்தால் தண்ணீர் தேங்கி நிற்கும். ஆகவே மழை என்ற ஒரே சொல் ஒருவருக்கு நன்மையாகவும் மற்றவருக்கு நட்டமாகவும் ஆகலாம். எவ்வளவு என்ற அளவு தெரிந்தால்தான் வடிகால் வெட்டுவதா, விடுவதா என்று தீர்மானிக்க முடியும்.

இளந்தலைமுறையின் நிலை இன்னும் கடினம். நலன்புரி நிலையத்தில் பிறந்து வளர்ந்த பிள்ளைக்கு, 2009இன் பின் கட்டங்கட்டமாக விடுவிக்கப்பட்ட காணி கைக்கு வந்தபோது, அந்தக் காணியின் பருவங்களைச் சொல்லிக்கொடுக்கத் தந்தையோ பேரனோ உயிரோடு இல்லாத வீடுகள் பல. இன்னும் சொந்தக் காணிக்குத் திரும்ப முடியாத குடும்பங்களும் உண்டு. இவர்கள் தொலைக்காட்சியை மற்றவர்களைவிட அதிகமாக நம்பவேண்டியவர்களாக இருக்கிறார்கள். அறுவடை செய்த நெல்லை வீதியோரத்தில் காயவைப்பவர்களும், தறப்பாளின் கீழே கச்சானைக் குவித்து வைத்திருப்பவர்களும் இவர்களே. 2008 நவம்பரில் நிஷா சூறாவளியின் மழை கொட்டியபோது வன்னியில் தறப்பாள் கொட்டில்களில் இருந்தவர்களுக்கு, மழை எவ்வளவு என்ற கேள்வியின் பொருளை நாம் விளக்கத் தேவையில்லை.

முன்னறிவிப்பாளரின் சங்கடம்

மறுபக்கத்தையும் நேர்மையாக நோக்குவோம். நம்மைப் போன்ற வெப்பவலய நாட்டில் மழையை இடம் குறித்துச் சொல்வது மிகவும் கடினம். பங்குனி, சித்திரையிலும், ஐப்பசி மாதத்திலும் பின்னேரங்களில் எழும் இடிமேகம் ஒன்று சில கிலோமீற்றர் அகலமே கொண்டது. ஒரு மணித்தியாலம் அளவில் திரண்டு, கொட்டி, கலைந்துவிடும். பக்கத்துக் குளம் நிரம்ப, நம் வயல் காய்ந்து கிடப்பதை எல்லோரும் கண்டிருக்கிறோம். இம்மேகம் எந்த வயலுக்கு மேலே திரளும் என்று முதல்நாளே சொல்ல எந்தக் கணனியாலும் இயலாது.

ஆனால் நிச்சயமில்லாததை நிச்சயமில்லை என்றே சொல்லலாம். ஐக்கிய அமெரிக்காவில் 1960களின் நடுப்பகுதியிலிருந்து மழைக்கான வாய்ப்பை வீதக் கணக்கில் பொதுமக்களுக்கு அறிவித்து வருகிறார்கள். 30 வீதம் என்றால், இத்தகைய பத்து நாட்களில் மூன்று நாட்கள் உங்கள் ஊரில் மழை பெய்யும், ஏழு நாட்கள் பெய்யாது என்று பொருள். புழுதி விதைப்புக்கு நிற்பவர் 30 வீதத்தை நம்பிச் சாக்கை அவிழ்க்கமாட்டார். நெல் காயவைத்திருப்பவரோ அதே 30 வீதத்துக்குத் தறப்பாளை எடுத்து அருகில் வைப்பார். ஒரே எண், இருவேறு முடிவுகள். முடிவெடுக்கும் உரிமை கமக்காரனுடையது. மேகப் படம் அந்த உரிமையை அவனிடமிருந்து எடுத்துவிடுகின்றது.

எனவே கமக்காரன் கேட்கவேண்டியவை ஐந்து: எங்கே? எப்போது? எத்தனை மில்லிமீற்றர்? எவ்வளவு வாய்ப்பு? காற்று எத்திசை, என்ன வேகம்? இவ்வைந்தையும் மாவட்ட வாரியாகச் சொல்ல இரண்டு நிமிடங்கள் போதும். நேற்றுச் சொன்னதற்கும் இன்று சொல்வதற்கும் என்ன வேறுபாடு என்பதையும் ஒரு வசனத்தில் சேர்த்தால் இன்னும் நல்லது.

ஒரு மில்லிமீற்றர் என்பது என்ன?

அளவைக் கேட்க விரும்புபவர் அளவை அறிந்திருக்கவும் வேண்டும். ஒரு சதுர மீற்றர் நிலத்தில் ஒரு மில்லிமீற்றர் மழை பெய்தால் அது ஒரு லீற்றர் தண்ணீர். ஓர் ஏக்கர் ஏறத்தாழ 4,047 சதுர மீற்றர். ஆகவே ஓர் ஏக்கரில் பெய்யும் ஒவ்வொரு மில்லிமீற்றரும் 4,000 லீற்றருக்குச் சற்று மேல். முகாம்களில் நாம் வரிசையில் நின்று தண்ணீர் பிடித்த 1,000 லீற்றர் தாங்கிகள் நான்கு என்று வைத்துக்கொள்ளுங்கள். 5 மில்லிமீற்றர் பெய்தால் இருபது தாங்கிகள். 50 மில்லிமீற்றர் பெய்தால் இருநூறு தாங்கிகள். இரண்டுக்கும் தொலைக்காட்சியில் அதே மூன்று துளிகள்தான்.

நாம் செய்யக்கூடியவை

முதலாவதாக, ஒவ்வொரு கிராமத்திலும் ஒரு மழைமானி வைப்போம். இதற்குப் பணம் தேவையில்லை. வாயும் அடியும் ஒரே அகலமாகவும், பக்கங்கள் நேராகவும், அடி சமமாகவும் உள்ள வெற்றுப் பால்மா ரின் ஒன்று போதும். மரத்துக்கும் கூரைக்கும் அப்பால், வெளியான இடத்தில், காற்றுக்குச் சரியாதபடி ஒரு கட்டையில் நிமிர்த்திக் கட்டுங்கள். தினமும் காலை 8.30 மணிக்கு அடிமட்டத்தை நிமிர்த்தி உள்ளே வைத்துத் தண்ணீரின் ஆழத்தை மில்லிமீற்றரில் பாருங்கள். திணைக்களமும் அதே நேரத்திலிருந்து அதே நேரம் வரையே 24 மணிநேர மழையைக் கணக்கிடுகின்றது. அளந்தபின் தண்ணீரை ஊற்றிவிட்டு மீண்டும் வையுங்கள். வகுப்பு ஆறு படிக்கும் பிள்ளையால் இதைச் செய்யமுடியும்.

இரண்டாவதாக, ஒரு கொப்பியில் மூன்று நிரல்கள் இடுங்கள்: திகதி, சொன்னது, பெய்தது. முதல்நாள் இரவு தொலைக்காட்சியில் சொன்னதை ஒரு நிரலிலும், மறுநாள் காலை ரின்னில் கண்டதை மற்ற நிரலிலும் எழுதுங்கள். ஒரு போகம் முழுவதும் இவ்வாறு எழுதினால் எவ்வகை அறிவிப்பை நம்பலாம், எதை நம்பக்கூடாது என்பது உங்கள் ஊருக்கே தெரியவரும். இழந்துபோன வானசாத்திரத்தைப் புதிய ஊரில் மீண்டும் கற்றுக்கொள்ளும் வழியும் இதுவே. அன்று காற்று எந்தப் பக்கம், எறும்பு முட்டை காவியதா, தும்பி தாழப் பறந்ததா என்பதையும் முதியவர்களிடம் கேட்டு ஓரத்தில் குறித்துவையுங்கள். அடையாளம் பலித்ததா என்பதை ரின் சொல்லும்.

மூன்றாவதாக, இக்குறையைத் தனித்தனியே முணுமுணுக்காமல் கமக்காரர் அமைப்பின் கூட்டத்தில் வைத்து, கமநல சேவை நிலையத்தின் ஊடாகவும் நேரடியாகவும் தொலைக்காட்சி நிலையங்களுக்கு எழுதுவோம். "உங்கள் அறிக்கை சரியில்லை" என்று எழுதினால் கடிதம் குப்பைக் கூடைக்குப் போகும். "இந்தப் போகத்தில் இத்தனை நாட்கள் வடக்கில் மழை என்றீர்கள்; எங்கள் ஊரில் அந்நாட்களில் பெய்தது இவ்வளவு; எங்களுக்குத் தேவை இந்த ஐந்து விபரங்கள்" என்று கொப்பியின் பிரதியோடு எழுதினால், பதில் சொல்லாமல் இருப்பது அவர்களுக்குக் கடினம்.

முதலில் நாம் குறிப்பிட்ட பெரியவர் அன்று விதைக்கவில்லை. ஐப்பசியில் இரண்டு நாட்கள் தொடர்ந்து பெய்து, மண்வெட்டியால் கொத்திப் பார்த்து ஒரு சாண் ஆழத்துக்கு ஈரம் கண்டபின்பே விதைத்தார். இப்போது அவரது வேலிக் கதியாலுக்கு அப்பால், வெளியில், ஒரு கட்டையில் ரின் ஒன்று நிற்கிறது. பேத்தி அளந்து எழுதுகிறாள். அந்தக் கொப்பியை வாங்கிப் பார்த்தோம். ஒரு பக்கத்தில், "சொன்னது: மழை. பெய்தது: 2" என்று இருந்தது. அதன் கீழே பெரியவர் தன் கையால், "விதைக்காதே" என்று எழுதியிருந்தார்.

காலபோக அறுவடை முடிந்ததும் ஒவ்வொரு கிராமத்தின் கொப்பியையும் உங்கள் பங்குப் பணிமனையில் ஒப்படையுங்கள். எல்லாவற்றையும் ஒன்றாகச் சேர்த்து, உங்கள் அமைப்புகளின் கையொப்பங்களோடு நாம் அனுப்பிவைப்போம். ரின் தேடுவதற்கு மழை வரும்வரை காத்திருக்க வேண்டாம்.